யானைக்கும் ஒட்டகத்துக்கும் நடுவே

அனிமேஷன் கூடத்தில் இன்பிட்வீனர்தான் கடைசி வரிசை. முக்கியமான நிலைகளைக் கீ அனிமேட்டர் வரைந்து கொடுத்துவிடுவார். கை மேலே இருக்கும் ஒரு படம், கை கீழே வந்துவிட்ட ஒரு படம். இடையில் வரவேண்டிய படங்கள் எங்கள் பாடு. கீ தாளின் ஓரத்தில் ஒரு நெடுங்கோடும் அதன்மேல் சின்னச் சின்னக் கீறல்களும் போட்டிருப்பார்கள். எந்தப் படம் எவ்வளவு தூரத்தில் விழவேண்டும் என்ற கணக்கு அது. லைட் பாக்ஸின் பெக் பாரில் இரண்டு கீ தாள்களையும் மாட்டி, மேலே ஒரு வெற்றுத்தாளைப் போட்டு, அடியில் தெரியும் இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோட்டை இழுக்கவேண்டும். மயிரிழை விலகினாலும் திரையில் மூக்கு துடிக்கும். காலையிலிருந்து மாலை வரை ஒரு பாத்திரத்தின் இமைகளை மூடித் திறந்துகொண்டிருந்த நாட்கள் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகளுக்கான சிறுவர் தொடர்கள். கதை, ஸ்டோரிபோர்டு, பாத்திரம் எப்படி இருக்கவேண்டும் என்று காட்டும் மாடல் ஷீட் எல்லாம் அங்கிருந்து வரும். நாங்கள் வரைந்து அனுப்புவோம். ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள், சினிமா பேனர் எழுதியவர்கள், வார இதழ்களுக்குப் படம் போட்டவர்கள் எல்லோரும் வரிசையாக விளக்குப் பெட்டிகளின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்போம். பயிற்சி கொடுக்க மணிலாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அமெரிக்கக் கார்ட்டூன்களை வரைந்து கொடுப்பதில் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு நம்மைவிடப் பல வருடம் கூடுதல் அனுபவம். அந்தக் காலத்தில் இங்கே பல ஸ்டுடியோக்களுக்கு வாத்தியார்கள் அங்கிருந்துதான் வந்தார்கள். எங்கள் வாத்தியார் அறுபதை நெருங்கியவர். சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சிலும் ஒரு நீலப் பென்சிலும் எப்போதும் இருக்கும். விரல்களுக்கு இடையில் ஐந்து தாள்களைச் செருகி அவர் புரட்டிப் பார்க்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரு சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும் எங்களைப் போகவிடாமல் உட்காரவைத்து ஒரு வீடியோ கேசட்டைப் போட்டார். டிஸ்னியின் 'டம்போ'. 1941-ஆம் வருடத்துப் படம். படம் முழுவதையும் அவர் காட்டவில்லை. நடுவில் ஏறக்குறைய ஐந்து நிமிடம் வருகிற ஒரு பகுதியை மட்டும் காட்டினார். நான் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் நின்றதற்கு அந்த ஐந்து நிமிடம் பெரிய காரணம்.

கதை எளிது. பெரிய காதுகளோடு பிறந்த சர்க்கஸ் குட்டியானை டம்போ. பிள்ளையைக் கேலி செய்தவர்களிடம் தாய் சீறியதால் அவளுக்கு மதம் பிடித்துவிட்டது என்று அடைத்துவைத்திருக்கிறார்கள். அவளைப் பார்த்துவிட்டு அழுதபடி திரும்பும் குட்டிக்கு விக்கல் எடுக்கிறது. கோமாளிகள் தவறவிட்ட ஷாம்பெயின் கலந்துவிட்ட தண்ணீரை, தெரியாமல், அதுவும் அதன் தோழன் சுண்டெலியும் குடித்துவிடுகின்றன. தும்பிக்கை வழியே குமிழிகள் வருகின்றன. ஒரு பெரிய குமிழி நெளிந்து, சுருங்கி, இளஞ்சிவப்பு யானை ஆகிறது. அந்த யானை தன் தும்பிக்கையால் இன்னொரு யானையை ஊதி உருவாக்குகிறது. தும்பிக்கைகள் எக்காளங்களாகி முழங்கத் தொடங்குகின்றன. அங்கிருந்து கதைக்கும் படத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. பின்னணி முழுக்கக் கறுப்பாகிவிடுகிறது. தரை இல்லை, வானம் இல்லை. யானைகள் திரையின் நான்கு விளிம்புகளையே பாதையாக்கி அணிவகுத்துப் போகின்றன. கண் இருக்கவேண்டிய இடத்தில் பின்னணியின் கறுப்பே தெரிகிறது. உடம்பு முழுக்க யானைத் தலைகளால் ஆன ஓர் உருவம் இரண்டு காலில் நம்மை நோக்கி நடந்துவருகிறது. ஒரு யானை ஒட்டகமாகிறது, பாம்பாகிறது, முக்காடிட்ட நடனக்காரியாகிறது. நடனக்காரி சுழன்று உருண்டையாகி, உருண்டை ஒற்றைக் கண்ணாகி விழிக்கிறது. இரண்டு யானைகள் பனியில் சறுக்கி ஆடுகின்றன. கடைசியில் எல்லாம் வண்டிகளாகவும் ரயிலாகவும் தலைதெறிக்க ஓடி, மோதி, வெடித்து, கீழே மெல்ல இறங்கிவந்து விடியற்கால மேகங்களாகின்றன.

எங்கள் வரிசையில் யாரும் பேசவில்லை. பிறகு வாத்தியார் கேசட்டை மறுபடி பின்னால் ஓட்டினார். இந்த முறை ஒவ்வொரு பிரேமாக.

அது மணிலாவிலிருந்து கொண்டுவந்த என்.டி.எஸ்.சி. கேசட். சினிமாவுக்கு நொடிக்கு 24 பிரேம், அந்த வீடியோவுக்கு ஏறக்குறைய 30. ஆகவே சினிமாவின் ஒவ்வொரு நான்கு பிரேமையும் வீடியோவில் ஐந்தாக நீட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றாக நகர்த்தினால் மூன்று பிரேம் தெளிவாக வரும். அடுத்த இரண்டில் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கோடுகோடாகத் தெரியும். எந்தப் பிரேம் அசல் ஓவியம், எது கலவை என்று முதலில் பிரித்தெடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகுதான் யானைகளை எண்ண ஆரம்பித்தோம். எந்த அசைவுக்கு ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப் படம் வரைந்திருக்கிறார்கள், எதற்கு ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டோம். கனவு மாதிரித் தெரிந்தது முழுக்கக் கணக்காக இருந்தது. எக்காள யானைகளின் கால்கள் இசையின் தாளத்துக்குப் பிசகாமல் தரையில்லாத தரையைத் தொட்டன. உருவம் எவ்வளவு தாறுமாறாக மாறினாலும் உடம்பின் கனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாத்தியார் நிறுத்தி நிறுத்திக் காட்டியது மாற்றங்கள் நடக்கும் இடங்களை. யானை தெரிகிறது, கொஞ்சம் கழித்து ஒட்டகம் தெரிகிறது. இடையில் இருக்கும் அந்தச் சில படங்களில் இருப்பது என்ன? யானையும் இல்லை, ஒட்டகமும் இல்லை. அதற்குப் பெயர் கிடையாது. ஆனால் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தாலும் முழுமையான, துணிச்சலான ஓவியமாக இருந்தது. எந்தக் கோடும் தடுமாறவில்லை. ஒரு படத்தை உறையவைத்துவிட்டு அவர் எங்கள் பக்கம் திரும்பி, "இதை வரைந்தவனுக்கு எந்த மாடல் ஷீட் கொடுத்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

நாங்கள் தினமும் வரைந்துகொண்டிருந்த இடைப்படங்கள் உலகத்தில் ஏற்கெனவே இருப்பவை. கை மேலிருந்து கீழே வரும்போது நடுவில் ஓர் இடத்தைக் கடந்துதான் வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொள்ளலாம். உருமாற்றத்தின் நடுப்படம் அப்படி அல்ல. யானைக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் இருப்பதை எவரும் எங்கும் பார்த்ததில்லை. அதை அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பவர்தான் முதன்முதலாகப் படைத்தாகவேண்டும். சாதாரணக் காட்சியில் கீ படங்களில் இருக்கும் உயிர், கனவுக் காட்சியில் இடைப்படங்களுக்குள் போய்விடுகிறது. கடைசி வரிசைக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குப் புரியும்.

அந்தக் காட்சி எந்த நிலைமையில் உருவானது என்பதைப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். 1940-இல் வெளிவந்த 'பினோக்கியோ', 'ஃபான்டேஷியா' இரண்டும் தலா இருபது லட்சம் டாலருக்கு மேல் விழுங்கியவை. போரினால் ஐரோப்பியச் சந்தை அடைபட்டுப்போய் இரண்டுமே போட்ட பணத்தை அப்போது எடுக்கவில்லை. அதனால் 'டம்போ'வைச் சிக்கனமாக, 64 நிமிடத்தில் முடித்தார்கள். செலவு பத்து லட்சம் டாலருக்கும் கீழே. 1941 மே மாதக் கடைசியில் ஸ்டுடியோவில் வேலைநிறுத்தமே வெடித்தது. அந்த வருடம் அக்டோபரில் படம் வெளியானது. இளஞ்சிவப்பு யானைகளுக்கு நார்மன் ஃபெர்குசன் இயக்குநர், கென் ஓ'கானர் லேஅவுட். வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ஹிக்ஸ் லோக்கியும் ஹோவர்ட் ஸ்விஃப்டும். டிஸ்னியின் புகழ்பெற்ற பெயர்களின் வரிசையில் இந்த இருவரையும் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். படத்தின் மற்ற காட்சிகளுக்கு நீர்வண்ணத்தில் அழகான பின்னணிகள் தீட்டியிருக்கிறார்கள். இந்தக் காட்சியின் பெரும்பகுதிக்கு வெறும் கறுப்பு போதுமானதாக இருந்தது. சிக்கனத்துக்கு உதவிய அந்தக் கறுப்புதான் யானைகளை எந்த இடத்தோடும் கட்டிப்போடாமல் விட்டது என்பது என் எண்ணம்.

இதில் லோக்கியின் பின்னணி எனக்கு முக்கியமாகப் படுகிறது. டிஸ்னிக்கு வருவதற்கு முன்பு அவர் நியூயார்க்கில் ஃபிளைஷர் சகோதரர்களின் ஸ்டுடியோவில் பெட்டி பூப் என்ற கார்ட்டூன் பெண்ணின் படங்களுக்கு வரைந்தவர். ஃபிளைஷர் ஸ்டுடியோவில் உருமாற்றம் அன்றாடச் சோறு. அங்கே நாற்காலிக்கும் முகம் முளைக்கும், வீடும் மூச்சு விடும். டிஸ்னியின் யானைகளுக்குள் நியூயார்க்கின் கை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அங்கிருந்துதான்.

அந்த ஃபிளைஷர் படங்களை எனக்கு விளங்கவைத்தவர் வாத்தியார் அல்ல. கரட்டுக் கோடுகளைத் துலக்கி வரையும் கிளீன்-அப் பிரிவில் இருந்த ஓர் அண்ணன். மவுண்ட் ரோடில் ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாக நடிகர்களின் முகங்களைத் தீட்டிய பேனர் ஓவியர். ஸ்டில் படத்தின் மேல் கட்டம் போட்டு, அந்தக் கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி வரைந்து பழகிய கை. ஒரு நாள் வாத்தியார் 1933-இல் வந்த ஃபிளைஷரின் 'ஸ்னோ ஒயிட்' குறும்படத்தைப் போட்டார். சூனியக்காரியின் மந்திரக் கண்ணாடியால் கோகோ என்ற கோமாளி பேயாகிவிடுகிறது. குகைக்குள் பாடிக்கொண்டே நடக்கும் அந்தப் பேயின் உடம்பு பாதியில் மது பாட்டிலாகிறது, சங்கிலியில் தொங்கும் தங்கக் காசாகிறது, மறுபடி பேயாகிறது. கால்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன.

அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தம்பி, இது மனுசன் நடை. உடம்பு பூராப் பொய்யி, நடை மட்டும் நெசம். எவனோ ஒருத்தன் நடந்திருக்கான், அதப் பாத்துதான் போட்டிருக்காங்க."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"இடுப்பப் பாரு. கனம் எந்தக் கால்ல எறங்குதுன்னு பாரு. மனசுல இருந்து வரைஞ்சா இப்படி வராது."

அவர் சொன்னது அப்படியே உண்மை. அந்த நடை கேப் காலோவே என்ற கறுப்பின இசைக் கலைஞருடையது. மேடையில் பின்னோக்கி வழுக்கிப்போகும் அவருடைய ஆட்டத்தைப் படம் பிடித்து, ஒவ்வொரு பிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து அதன்மேல் வரைந்தார்கள். ரோட்டோஸ்கோப் என்ற அந்தக் கருவி மேக்ஸ் ஃபிளைஷருடைய கண்டுபிடிப்பு. 1917-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 'ஸ்னோ ஒயிட்'டுக்கு முந்தைய வருடம் வந்த 'மின்னி தி மூச்சர்' படத்தில் காலோவேயே தன் குழுவோடு தொடக்கத்தில் தோன்றுகிறார். பின்னால் குகையில் ஆடும் வால்ரஸ் பேயும் அவருடைய அசைவுதான். 'ஸ்னோ ஒயிட்'டை ரோலண்ட் கிராண்டால் என்பவர் ஏறக்குறைய தனியாளாக, ஆறு மாதம் உட்கார்ந்து வரைந்தார் என்று தெரிந்தபோது அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த ஆளுக்கு முதுகு என்ன ஆயிருக்கும்" என்றார். வரைகிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் வரும்.

அந்த நேரத்தில்தான் எங்களுக்கு வந்த ஒரு தொடரில் ஒரு பையனின் கனவுக் காட்சி இருந்தது. தலையணை மீனாக மாறி அவனைத் தூக்கிக்கொண்டு நீந்திப் போகவேண்டும். கீ படங்களில் ஒன்று தலையணை, இன்னொன்று மீன். நடுவில் ஒன்றுமே இல்லை. வாத்தியார் அந்தக் கத்தையை என் மேஜையில் வைத்தார். வழக்கப்படி இரண்டு கோடுகளுக்கும் நடுக்கோடு இழுத்தால் என்ன வரும் என்று எனக்கு வரைந்தே காட்டினார்: மூலைகள் மழுங்கிய ஒரு கொழகொழ உருண்டை. அது மாற்றம் ஆகாது, கரைசல் என்றார்.

பிறகு நீலப் பென்சிலை எடுத்தார். எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் மாறக்கூடாது. ஒன்று முதலில் கிளம்பவேண்டும், மற்றவை அதன் பின்னால் இழுபட்டு வரவேண்டும். எது முதலில்? தலையணையின் ஒரு பக்கத்து இரண்டு மூலைகளையும் கிள்ளிச் சேர்த்தால் அதுவே வால். ஆகவே வால் முதலில். வால் ஒரு தரம் அடிக்கும்போது பார்க்கிறவர் கண் அங்கே போய்விடும். அந்த இரண்டு பிரேமுக்குள் மறுமுனையில் வாய் திறந்துவிடலாம். நடுவில் உருவம் ஒரு முறை மிக எளிமையான வடிவத்தைத் தொட்டுவிட்டுப் போகவேண்டும், ஒரு பேரிக்காய் அளவுக்கு எளிமை. யானையிலிருந்து கண்ணுக்குப் போகும்போது நடனக்காரி உருண்டை ஆனாளே, அதற்காகத்தான். சிக்கலான உருவத்திலிருந்து இன்னொரு சிக்கலான உருவத்துக்கு நேரே போனால் கண் வழிதவறிவிடும். உறையின் தையல் கோடு மட்டும் கடைசிவரை மாறாமல் இருந்து, மீனின் பக்கவாட்டுக் கோடாக முடியட்டும் என்றார். அந்த யோசனை அவருடையது. இப்போதும் அதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது. மாறாத ஒன்று இருந்தால்தான் மாறுவது தெரியும்.

வரைந்தேன். லைன் டெஸ்டரின் கேமராவுக்கு அடியில் ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்து ஓட்டிப் பார்த்தோம். பென்சில் கோட்டில், வண்ணமே இல்லாமல், ஒரு தலையணை வாலை அடித்துக்கொண்டு வாயைத் திறந்தது. அந்த மீனுக்கு முன்னால் நான் பிறர் வரைந்ததை நிரப்பிக்கொண்டிருந்தேன். அந்த மீனிலிருந்து நான் அனிமேட்டர்.

வாத்தியார் காட்டிய இன்னொரு படம், பாப் கிளாம்பெட் 1938-இல் வார்னர் பிரதர்ஸுக்காக எடுத்த 'போர்க்கி இன் வேக்கிலாண்ட்'. கடைசி டோடோ பறவையைத் தேடிப் பன்றி ஒன்று போகிறது. பறவை பென்சிலை எடுத்துக் காற்றில் ஒரு கதவு வரைகிறது. வரைந்த கதவைத் திறக்காமல், அதன் அடிவிளிம்பைத் திரைச்சீலையாக உயர்த்திவிட்டுக் கீழே நுழைந்து ஓடிவிடுகிறது. இதைவிடத் துல்லியமாக வரைகோட்டின் சுதந்திரத்தைக் காட்டிய பிரேம்கள் எனக்குத் தெரியாது. ஃபிரிஸ் ஃபிரீலெங் 1949-இல் இதையே வண்ணத்தில் மறுபடி எடுத்தார். 1990-இல் 'டைனி டூன் அட்வென்ச்சர்ஸ்' தொடங்கியபோது அந்த டோடோ வம்சத்தில் ஒரு பாத்திரத்தையே சேர்த்துக்கொண்டார்கள்.

ஒரு கனவுக் காட்சி அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்று யோசித்தால் நேர்வாரிசுகள் உடனே நினைவுக்கு வருகின்றன. டிஸ்னியே 1968-இல் எடுத்த வின்னி தி பூ குறும்படத்தில், தேன்குடத்துக்குக் காவல் இருந்தபடி தூங்கிவிடும் கரடியின் கனவில் யானைமாதிரி உருவங்கள் வண்ணவண்ணமாக மாறிக்கொண்டே வருகின்றன. இளஞ்சிவப்பு யானைகளின் பேரப்பிள்ளைகள் என்று பார்த்தவுடன் தெரியும். நன்றாக இருக்கிறது, ஆனால் பயமுறுத்தவில்லை. டம்போவின் யானைகளுக்கு முன்னால் குழந்தைகள் போர்வைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அந்த அச்சம் போனதும் பாதி உயிர் போய்விட்டது. அதைவிட எனக்குப் பிடித்த வாரிசு சாலி குரூக்ஷாங்க். முப்பதுகளின் ஃபிளைஷர் கார்ட்டூன்களில் மனதைப் பறிகொடுத்த இவர், பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லாமல் 1975-இல் 'குவாசி அட் தி குவாக்கடேரோ'வை எடுத்தார். நேற்றைய கனவைத் திரையில் பார்க்கலாம், காலம் பின்னோக்கி ஓடுவதை வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு பொருட்காட்சி. காட்டியதைத் திருப்பிக் காட்டாமல், அந்தப் பழைய படங்களின் நரம்பை மட்டும் எடுத்துக்கொண்டார். 2009-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

கைக்குக் கை கடத்தப்பட்ட கதை ரிச்சர்ட் வில்லியம்ஸுடையது. லண்டனில் ஸ்டுடியோ வைத்திருந்த இவர், எழுபதுகளில் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துத் தன் ஊழியர்களுக்குப் பாடம் எடுக்கவைத்தார். அவர்களில் ஒருவர் ஆர்ட் பாபிட். 'ஃபான்டேஷியா'வில் காளான்களை ஆடவைத்தவர், 1941-இல் டிஸ்னி அவரை வேலையைவிட்டு நீக்கியதும் அந்த வேலைநிறுத்தம் மூள ஒரு காரணம். இன்னொருவர் கிரிம் நாட்விக்; பெட்டி பூப்பை முதன்முதலாக வரைந்தவர். ஓய்வு பெற்றுவிட்ட அந்தக் கைகளிலிருந்து கற்றதையெல்லாம் வில்லியம்ஸ் 2001-இல் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' என்ற புத்தகமாக்கினார். மணிலா வாத்தியார் எங்களுக்குச் சொன்ன பல விஷயங்கள் அதில் அச்சில் இருப்பதைப் பார்த்தபோது, அவருக்கும் அது எந்தெந்த மேஜைகளைக் கடந்து வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தியாவுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956-இல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து பயிற்சி கொடுத்தார். இந்திய அனிமேஷனின் முன்னோடி ராம் மோகன் அவரிடம் கற்றவர்.

ஓவியர் சால்வடார் டாலியும் டிஸ்னியும் சேர்ந்து 1945-46இல் தொடங்கிய 'டெஸ்டினோ'வை நான் பெரிய ஆவலோடு பார்த்தேன். பணமுடையால் அன்று நின்றுபோய், 2003-இல் ராய் டிஸ்னியின் முயற்சியில் முடிக்கப்பட்ட படம். அழகாக இருக்கிறது, ஒவ்வொரு பிரேமையும் சட்டம்போட்டு மாட்டலாம். ஆனால் அதில் என்னை அசைத்தது நாற்பதுகளிலேயே எடுக்கப்பட்டுவிட்ட அந்தச் சொற்ப நொடிகள். விகாரமான தலைகளைச் சுமந்துகொண்டு இரண்டு ஆமைகள் எதிரெதிரே வருகின்றன. அவை நெருங்கும்போது இரண்டு தலைகளுக்கும் இடையில் உள்ள வெற்றிடம் ஒரு நடனப் பெண்ணின் உருவமாகிறது. யாரும் வரையாத உருவம் அது; இரண்டு பக்கமும் வரைந்ததால் நடுவில் தோன்றியது. இந்த ஒன்றுக்காகவே அந்தப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டுகிறேன்.

ஆம், நான் இப்போது பாடம் எடுக்கிறேன். எங்கள் ஸ்டுடியோவில் காகித வேலை படிப்படியாக நின்றது. லைட் பாக்ஸ்கள் மூலையில் அடுக்கப்பட்டன. வாத்தியார் அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். அண்ணன் வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கிறார். நான் சில வருடம் கணினியில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தேன். கணினி இரண்டு வடிவங்களுக்கு நடுவே தானாகவே படங்களை நிரப்பித் தரும். வாத்தியார் 'கரைசல்' என்று சொன்னாரே, அதைத்தான் அது நொடியில் தருகிறது. வாலை முதலில் கிளப்பவேண்டும் என்று அதற்கு யாராவது சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் வகுப்புக்கு மாணவர்களைத் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்கு அழைத்துப்போவது வழக்கம். அங்கே ரிஷப குஞ்சரம் இருக்கிறது. காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. காளையின் கொம்பாக இருக்கும் அதே கோடுகள் யானைக்குத் தந்தங்களாகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பிக்கும் ஹாலிவுட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. தொடர்பு காட்ட நான் முயல்வதும் இல்லை. ஒரே கோடு இரண்டு உயிருக்குச் சொந்தமாக இருக்கமுடியும் என்பதைக் கையை வைத்து மறைத்துப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். அதன் பிறகு டம்போவைப் போட்டால் அவர்கள் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கிறது.

சில வருடத்துக்கு முன்பு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் பையன் கணினியில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். கண்ணில் பட்டதும் நின்றுவிட்டேன். 1930-களைச் சேர்ந்த ஃபிளைஷர் கோடு, ரப்பர் கைகால்கள், நீர்வண்ணப் பின்னணி. 'கப்ஹெட்', 2017-இல் வெளியானது. கனடாவைச் சேர்ந்த சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற சகோதரர்கள் உருவாக்கியது. பாத்திரங்களைப் பென்சிலில் காகிதத்தில் வரைந்து, கையாலேயே மை போட்டு, நொடிக்கு 24 படம் என்ற பழைய கணக்கில் செய்திருக்கிறார்கள். 'ஸ்விங் யூ சின்னர்ஸ்', 'பிம்போஸ் இனிஷியேஷன்' என்ற ஃபிளைஷர் படங்களைத் தங்களுக்குப் பிடித்த மூலங்களாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அக்கா பையன் மோதிக்கொண்டிருந்தது ஹில்டா பெர்க் என்ற வானத்து எதிரியோடு. அவள் காளையாகிறாள், வில்லாளியாகிறாள், கடைசியில் பிறைநிலவாகிறாள்.

"டேய், அந்த நிலா ஆகுற இடத்த இன்னொரு தடவ காட்டுறா."

"மாமா, அதப் பாக்கணும்னா முதல்லேர்ந்து அடிச்சு வரணும்."

"அடி. நான் இருக்கேன்."

அவன் அடித்து வந்தான். மறுபடி தோற்றான், மறுபடி வந்தான். நான் பக்கத்தில் நின்று அந்த மாற்றத்தை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். வால் முதலில் கிளம்பும் வித்தை அங்கேயும் இருந்தது. வேறு உறுப்பு, வேறு உடம்பு. மணிலா வாத்தியாரை அந்தச் சகோதரர்களுக்குத் தெரியாது, அவருக்கும் அவர்களைத் தெரியாது. இரு தரப்பும் ஒரே பிரேம்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள்.

வகுப்பில் நான் தரும் பயிற்சி இது. பிடித்த ஒரு பழைய கனவுக் காட்சியிலிருந்து ஓர் உருமாற்றத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் எல்லா இடைப்படங்களையும் தாளில் பென்சிலால் நகலெடுக்கவேண்டும். பார்ப்பது போதாது. கை அந்தக் கோடுகள் மேல் போய்வரவேண்டும். அப்போதுதான் எங்கே வரைந்தவர் தயங்கினார், எங்கே சந்தோஷப்பட்டார் என்று விரலுக்குத் தெரியும். அதன் பிறகு சொந்தமாக இரண்டு கீ படங்களை வைத்துக்கொண்டு நடுவை வரையவேண்டும்.

இந்த வருடம் ஒரு மாணவி கீ படமே வேண்டாம் என்றாள். முடிவு என்னவென்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளாமல் முதல் தாளிலிருந்து வரைந்துகொண்டே போகிறேன் என்றாள். 'ஸ்ட்ரெயிட் அஹெட்' என்று தொழிலில் சொல்லும் முறை அது, ஆபத்தானது. உருவம் எந்த நேரமும் கையைவிட்டுப் போய்விடும். நான் அவளுக்கு எமில் கோல் 1908-இல் வரைந்த 'ஃபான்டஸ்மகோரி'யைக் காட்டினேன். ஏறக்குறைய எழுநூறு ஓவியங்கள், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பாட்டில் பூவாகிறது, பூ யானையாகிறது. பார்த்து முடித்ததும் அவள் மேஜைக்குப் போய்விட்டாள். ஒரு தண்ணீர்க் குடத்தில் தொடங்கியிருக்கிறாள். குடத்தின் வாய்விளிம்பு முதலில் பிளந்தது, வயிறு பின்னால் இழுபட்டு வந்தது. நேற்று பார்த்தபோது அது தவளை. அதற்கும் அடுத்து என்ன என்று கேட்டேன். "இன்னும் தெரியல சார், வரைஞ்சாதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் பெக்கில் மாட்டினாள்.